கீழே இறங்கின கதையைச் சொல்லுங்க

கோத்தகிரி மருமகள்

மலையில குடியிருக்கிறவங்களுக்கு "கீழே"ன்னு ஒரு ஊரு உண்டு. எங்களுக்கு அது மேட்டுப்பாளையம், கோயமுத்தூர். கொடைக்கானல் ஆளுங்களுக்கு வத்தலக்குண்டு, தேனி, மதுரை. துணி எடுக்க, காலேஜ் சேர்க்க, கல்யாணத்துக்குன்னு எல்லாத்துக்கும் கீழேதான் போறோம். ஆனா "அவங்க வீட்ல யாரையோ ராத்திரி கீழே கொண்டு போயிட்டாங்களாம்"னு காதுல விழுந்தா, என்ன ஏதுன்னு கேக்கறதுக்கு முன்னாடியே வயித்தைக் கலக்கும். அப்படி நீங்க இறங்கின கதையைச் சொல்லுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

எங்க அத்தைக்கு, அதாவது வீட்டுக்காரரோட அம்மாவுக்கு, 68 வயசு. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து கப்பலேறி வந்த குடும்பம். பதினஞ்சு வயசுல தேயிலைக் கொழுந்துக் கூடை மாட்டுனவங்க, முப்பத்தஞ்சு வருஷம் இறக்கலை. பாதி நாளு லயத்து வீட்டுல, அதாவது எஸ்டேட் வரிசை வீட்டுல, ஜன்னலே இல்லாத சமையக்கட்டுல, ஈர விறகை ஊதி ஊதி ஆக்கிப் போட்டவங்க. வீட்டுக்கு காஸ் வந்தப்புறமும் குளிக்கத் தண்ணி காய வைக்க விறகுதான். மார்கழி பொறந்தா இருமல் ஆரம்பிக்கும், மாசி முடிஞ்சாதான் விடும். "பனிக்கு யாருக்குத்தான் வரல"ன்னு நாங்களும் கண்டுக்காம விட்டுட்டோம்.

ரெண்டு வருஷம் முந்தி பொங்கல் முடிஞ்ச வாரம். அன்னிக்கு அடிச்ச குளிர் ரெண்டு கம்பளிக்கு அடங்கல. என் பையனுக்கு அப்ப ஆறு வயசு, அப்பாயி கூடத்தான் படுப்பான். ராத்திரி அத்தை அடுப்புல மிஞ்சின கரி நெருப்பைப் பழைய இரும்புச் சட்டியில அள்ளி, கட்டிலுக்குப் பக்கத்துல வச்சிருக்காங்க. காத்து வருதுன்னு கதவு இடுக்குல சாக்கை வேற சொருகிட்டாங்க. எங்க ரூமு அந்தப் பக்கம், ஒண்ணுமே தெரியாது.

காலையில அஞ்சு மணிக்கு வாந்தி எடுக்கிற சத்தம். ஓடிப்போய் கதவைத் தள்ளுறேன், சாக்கு தடுக்குது. பையன் "தலை வலிக்குதும்மா"ன்னு அழுவுறான். முந்தின நாள் கடையில வாங்கின பரோட்டாதான்னு நெனைச்சேன். அத்தையை எழுப்பினா கண்ணைத் திறக்கிறாங்க, பேச்சு குழறுது, எழுந்து நிக்கப் போனவங்க அப்படியே மடங்கி உக்காந்துட்டாங்க. ரூம்ல புகை இல்லை, வாடையும் இல்லை. சட்டியில நெருப்பு சாம்பல் போத்திக்கிட்டுச் சாதுவா கெடக்குது.

பக்கத்து ஆஸ்பத்திரியில விரல்ல கிளிப் மாட்டிப் பார்த்தாங்க. 97. "ஆக்ஸிஜன் நல்லாத்தான இருக்கு, சாப்பாடு சேராம இருக்கும்"னாங்க. எனக்கும் உயிர் வந்துச்சு. அப்பதான் டியூட்டி டாக்டரம்மா வந்தாங்க, சின்னப் பொண்ணு. பையனைத் தூக்கி மடியில வச்சவங்க அவன் ஸ்வெட்டரை மோந்து பார்த்துட்டு, "ரூமுக்குள்ள கரி வச்சீங்களா?"ன்னு கேட்டாங்க.

கரி சரியா எரியாம கனிஞ்சுக்கிட்டே இருந்தா கார்பன் மோனாக்சைடு வருமாம். அதுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்துல ஆக்ஸிஜன் உக்கார வேண்டிய இடத்துல அது போய் உக்காந்துக்குமாம். அந்த விரல் கிளிப்புக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதையும் ஆக்ஸிஜன்னே எண்ணிட்டு 97னு காட்டுமாம். சின்னப் பசங்க வேகமா மூச்சு வாங்குறதால அவங்களுக்கு முன்னாடியே ஏறிடுமாம். அவன் வாந்தி எடுக்காம இருந்திருந்தா நாங்க ஏழு மணிக்குத்தான் கதவைத் தட்டியிருப்போம்.

ரெண்டு பேருக்கும் மாஸ்க் மாட்டி 108ல ஏத்தினாங்க. குஞ்சப்பனை தாண்டுற வரைக்கும் வெளியில மஞ்சு மூட்டத்தைத் தவிர ஒண்ணும் தெரியல. அதுக்கப்புறம் காது அடைச்சு விட்டுச்சு பாருங்க, அப்பதான் பையன் மாஸ்க்கை விலக்கி, "அம்மா, காது டொப்புன்னுச்சு"ன்னான். ஆம்புலன்ஸ்ல கூட வந்த தம்பி சிரிச்சிட்டாரு. நான் அழுதுட்டேன்.

மூணாம் நாளு வீடு வந்துட்டோம். அப்புறமா ஒருக்கா அத்தையோட இருமலுக்காகக் கீழே போனப்பதான் நோயோட பேர் தெரிஞ்சுது. ஒரு குழாயில ஊதச் சொன்னாங்க. ஊதி முடிச்சதும் டாக்டர், "பாட்டி, பீடி பிடிப்பீங்களா?"ன்னு கேட்டுட்டாரு. அத்தைக்கு வந்துச்சே கோவம்! "எங்க பரம்பரையில பொம்பளைங்க அதைக் கையால தொட்டதில்லை." அவரு பாவம், பொறுமையா சொன்னாரு: நாப்பது வருஷ அடுப்புப் புகையும் நுரையீரலுக்கு பீடி மாதிரிதான். நுரையீரல் அடைப்பு நோய்னாங்க. மருந்து உறிஞ்சுற பம்ப்பும், அதுக்கு மாட்டுற பிளாஸ்டிக் குடுவையும் குடுத்தாங்க. பனிக்காலத்துல மட்டும் கீழே இருந்தா நல்லதுன்னு சொல்லி அனுப்பினாங்க. அங்கதான் எங்க வீட்டுப் பஞ்சாயத்தே ஆரம்பம். அதை அப்புறம் சொல்றேன்.

குன்னூர் டிரைவர்

அம்மிணி, படிச்சுப்போட்டு எந்திரிச்சுப் போய் எங்க வீட்டு ஜன்னலைத் திறந்து வச்சேனுங்க. நிசமாத்தான்.

நா 1999ல இருந்து வாடகை வண்டி ஓட்டறேன். தமிழ்நாட்டுக்கு 108 வந்ததே 2008லதானுங்க. அதுக்கு முன்னால எங்க வண்டிதான் ஆம்புலன்சு. பர்லியாறுல நிறுத்தித் தண்ணி குடுத்தது, பிரசவ வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்த பொண்ணு என்ற சட்டைக் காலரைப் பின்னால இருந்து பிடிச்சுக் கிழிச்சது, எல்லாம் இருக்குது. அந்தக் காலருக்குச் சொந்தக்காரப் பையன் போன வருசம் பத்தாவது பாஸ் பண்ணி எனக்கு மிட்டாய் கொண்டுவந்து குடுத்தானுங்க.

மறக்க முடியாததுன்னா 2009 நவம்பருதான். அந்த மழையில மலை எங்க பார்த்தாலும் அறுந்து உழுந்துச்சு. ரோடு போச்சு, ரயில் பாதையும் போச்சு. எங்க தெருவுல ஒரு வாத்தியாருக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். ஒரு தடவை தப்பிப் போச்சு, அடுத்ததும் தப்பினா ஆளு தேறாதுங்கற நிலைமை. மூஞ்சி கையெல்லாம் வீங்கிப் போச்சு. மண்ணு சரிஞ்ச இடம் வரைக்கும் என்ற வண்டியில. அங்கிருந்து அவரு மகனும் நானும் நாற்காலியோட தூக்கிட்டுச் சேத்துல நடந்தோம். அந்தப் பக்கம் மேட்டுப்பாளையத்துக்காரரு ஒருத்தரு வண்டியைத் திருப்பி நிறுத்திட்டுக் காத்திருந்தாரு. போன்ல பேசி வச்சதுதான், முன்னப்பின்ன மூஞ்சி பார்த்ததில்லீங்க. வாத்தியாரு அதுக்கப்புறம் நாலு வருசம் இருந்தாரு.

ஒண்ணு சொல்லிக்கறேன். மூச்சு முட்டறவங்களை வண்டியில படுக்க வைக்காதீங்க, சாய்ஞ்சாப்ல உக்கார வைங்க. எறங்கையில 14 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வரும்னு தெரிஞ்சா வவுறு முட்டக் குடுக்காதீங்க. மே மாசமா இருந்தா போலீசுகிட்ட முன்னாடியே சொல்லிப்போடுங்க. சீசனுக்கு ஒருவழி போட்டுருவாங்க, குன்னூர் வழியா ஏத்தம், கோத்தகிரி வழியா எறக்கம். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ சீசன்ல யானை நிக்கும். நின்னா நின்னதுதான். ஆரன் அடிக்காதீங்க, லைட்டை டிம் பண்ணிட்டு இருங்க. உள்ள நோயாளி இருக்காங்கன்னு அதுக்கு என்ன தெரியும்.

பூம்பாறை விவசாயி

நமக்கு மலைப்பூண்டும் கேரட்டும். டிரைவர் அண்ணன் 2009ன்னாரு, எனக்கு 2018.

எம்மக பொறந்தது 2006, குறிஞ்சி பூத்த வருசம். அப்பத்தாதான் சொல்லும், "பூவோட வந்தவ, அடுத்த பூவுக்குப் பெரிய மனுசியாயிருவா"ன்னு. குறிஞ்சிக்குப் பன்னெண்டு வருசக் கணக்குல்ல. சொன்ன மாதிரியே 2018ல மலை நீலமாக் கெடந்தப்ப புள்ள வயசுக்கு வந்துருச்சு. அப்பத்தாவுக்குத் தலைகால் புரியல. ஊரெல்லாம் போயித் தாஞ்சொன்ன சோசியம்னு பெருமை. கார்த்திகை முதல் முகூர்த்தத்துல சடங்குன்னு நாள் குறிச்சோம்.

நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யத்துல அடிக்குதுன்னு டிவியில பாத்துக்கிட்டு இருந்தோம், நமக்கென்னன்னு. அது நேரா எங்க மலையில ஏறிருச்சு. யூக்கலிப்டஸ் மரமெல்லாம் வேரோட மல்லாந்துருச்சு. கரண்டு போச்சு, டவர் போச்சு. அன்னிக்குப் பார்த்து அப்பத்தா பாசி புடிச்ச படியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போச்சு. அது கத்துன கத்து இன்னமும் கேக்குது.

ஜீப்பு இருக்கு, ரோடு இல்ல. எங்கூரு ஆளுக இருபது பேரு, மரமறுக்குற மெசினு ரெண்டு, அருவா, கயிறுன்னு கெளம்பிட்டாங்க. பெட்ரோல் தீந்தா ஒருத்தரு பைக்குல இருந்து உறிஞ்சு மெசினுக்கு ஊத்துவாங்க. அறுக்க முடியாத எடத்துல கட்டிலோட தூக்கி மரத்துக்கு மேல கடத்துனோம். மழை தூறுது. அப்பத்தா கட்டில்ல கெடந்துக்கிட்டு, "அங்கிட்டுப் பாத்துத் தூக்குங்கடா, வழுக்கும்"னு எங்களுக்கு வழி சொல்லுது. கொடைக்கானல் சேரவே பொழுது சாஞ்சிருச்சு. டம் டம் பாறைகிட்ட மறுபடி மரம். தேனி மெடிக்கல் காலேசுக்குப் போய்ச் சேந்தப்ப விடியக்காலம்.

இதுல எங்க மச்சினன், தாய்மாமன், சீர்வரிசையோட வத்தலக்குண்டு வரைக்கும் வந்து மாட்டிக்கிட்டாரு. மேல ஏற முடியல. இருபத்தொரு தட்டு: பழம், பலகாரம், பட்டுச்சேலை. சேதி தெரிஞ்சு வண்டியை அப்படியே ஆசுபத்திரிக்குத் திருப்பிட்டாரு. சேலையை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு மத்த தட்டையெல்லாம் அந்த வார்டு முழுக்கக் குடுத்தாச்சு. எலும்பு முறிஞ்சு கெடந்தவுகளுக்கெல்லாம் அன்னிக்கு அதிரசமும் ஆப்பிளும். நர்சம்மா, "யாருக்கு விசேசம்?"னு கேக்க, "எம்பேத்தி குத்த வச்சிருக்கா"ன்னு அப்பத்தா வலியோட வலியாச் சத்தமாச் சொல்லுச்சு. புள்ள வெக்கப்பட்டு வெளிய ஓடிருச்சு.

இடுப்புக்குக் கம்பி வச்சாக. தை மாசம் சடங்கு வச்சோம், அப்பத்தா நாற்காலியில உக்காந்தே மஞ்சத்தண்ணி ஊத்துச்சு. இப்ப அது இல்ல. அடுத்த பூ 2030. எதுக்குன்னு தேதி குறிக்க எங்க வீட்ல இப்ப ஆளு கெடையாது.

கூடலூர் டீச்சர்

எங்களுக்கு நீங்க சொல்ற கீழே வேற. ஊட்டிக்கு நாங்க ஏறணும், ஏறி அந்தப் பக்கம் இறங்கினாத்தான் கோவை. அதனால அவசரம்னா நாடுகாணி வழியா வழிக்கடவு இறங்கிடுவோம், நிலம்பூர், பெரிந்தல்மண்ணா. எங்க ரெண்டு பிள்ளைகளும் அங்கதான் பிறந்தாங்க. பிரசவ வார்டுல "வேதன உண்டோ"ன்னு கேட்டப்ப, வேதனைன்னா மனக் கஷ்டம்னு நெனைச்சு "வீட்ல எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க"ன்னு சொன்னவ நான். வலி இருக்கான்னுதான் கேட்டிருக்காங்க.

ஆடி மழையில மூணு வாரம் துணி காயாம, கைக்குழந்தைத் துணியைக் குக்கர் மூடி மேல போட்டுக் காய வச்ச கதையெல்லாம் இருக்கு. பரீட்சைத் தாள் திருத்தி முடிச்சிட்டு வர்றேன்.

கோத்தகிரி மருமகள்

டீச்சர், சிரிச்சு முடியல. பூம்பாறை அண்ணா, உங்க அப்பத்தா கதையை எங்க அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "இருபத்தொரு தட்டா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

எங்க பஞ்சாயத்தைச் சொல்றேன்னேன்ல. நாத்தனார் வீடு கீழே காரமடையில இருக்கு. கார்த்திகையில அங்க போய் பங்குனியில திரும்பி வர்றதுன்னு முடிவு. முதல் வருஷம் பத்தே நாளு. சொல்லாம கொள்ளாம பஸ் ஏறி வந்துட்டாங்க. கொசு கடிக்குது, தண்ணி உப்பு, ராத்திரி ஃபேன் சத்தத்துல தூக்கம் வரல, இப்படி ஒரு பட்டியல். வந்த அன்னிக்கு ராத்திரியே மூச்சு இழுத்துச்சு. மறுபடி ஆம்புலன்ஸ், மறுபடி மஞ்சு.

இந்த வருஷம் என் வீட்டுக்காரர் சண்டை போடல. தண்ணி காய வைக்க எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கி மாட்டினாரு, விறகடுப்பை இடிச்சு அந்த இடத்துல மாவு டப்பாவுக்குப் பலகை அடிச்சாரு. இங்க இட்லி மாவு பொங்கணும்னா அதுக்கும் போர்வை போத்தணும், தெரியும்ல. இரும்புச் சட்டியில மண்ணைப் போட்டு ரோஜா வச்சாச்சு. பையன் இப்ப ரெண்டாவது படிக்கிறான். ராத்திரி படுக்கப் போறப்ப அப்பாயி ரூம் ஜன்னல் ஒரு விரக்கடை திறந்திருக்கான்னு கையை விட்டுப் பார்த்துட்டுத்தான் படுப்பான்.

இந்தத் தடவை நாலு மாசமும் காரமடையில இருந்தாங்க. பம்ப்பைப் பாதி நாளு தொடவே இல்லையாம். பங்குனியில கூட்டிட்டு வரப் போனேன். பஸ் மலை ஏறி, குளிர் காத்து முகத்துல அடிச்சதும் சேலைத் தலைப்பை இழுத்துக் காதோட மூடிக்கிட்டாங்க. அங்க எப்படி இருந்துச்சு அத்தைன்னேன்.

"என்னத்த இருந்துச்சு. தேங்காண்ணெய் தண்ணியாட்டம் ஓடுது. கரண்டியில தோண்டி எடுக்காத எண்ணெயை எப்படித் தலைக்குத் தேய்க்கிறது?"