எழுதுதிரையும் எழுதுவெளியும்

பொருள்: ஊடாடு வெண்பலகை (interactive whiteboard) – வேறு சொல் வேண்டும்
அனுப்புநர்: கணித ஆசிரியர், உவர்மலை, திருகோணமலை

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற தவணையில் எங்கள் பாடசாலையில் நடந்ததைச் சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன். அன்று நான் விடுப்பு. எனக்குப் பதிலாகத் தரம் 9 வகுப்புக்குப் போன இளம் ஆசிரியர், சுவரில் மாட்டியிருந்த, கணினிப் படத்தைக் காட்டி அதன்மேலேயே எழுதவிடும் பெரிய மின்பலகையையும் அதன் ஓரத்தில் நான் அச்சிட்டு ஒட்டியிருந்த தாளையும் பார்த்திருக்கிறார். 'ஊடாடு வெண்பலகை, கவனமாகப் பயன்படுத்தவும்' என்பது தாளில் இருந்த வாசகம். 'ஊடாடு' அவருக்கு விளங்கவில்லை. 'வெண்பலகை' நன்றாக விளங்கியது. சட்டைப் பையில் இருந்த அழியாத மைப் பேனையை எடுத்து, பைதகரசுத் தேற்றத்துக்கு அழகான ஒரு செங்கோண முக்கோணியைக் கீறிவிட்டார். மறுநாள் மதுசாரம் தொட்டுத் தொட்டுத் துடைத்ததில் சிறிய பக்கங்கள் இரண்டும் போய்விட்டன. செம்பக்கம் போகவில்லை. இலங்கைப் படம் போட்டாலும் இதயத்தின் படம் போட்டாலும் அதன் குறுக்கே அந்தக் கோடு இன்றும் ஓடுகிறது.

பிழை அவருடையதல்ல, என் தாளினுடையது.

இன்னொன்றும் நடந்தது. ஊடாடு வெண்பலகைகளை உதவியாக வழங்கும் ஒரு தரப்பிடமிருந்து படிவம் வந்தது. 'உங்கள் பாடசாலையில் உள்ள வெண்பலகைகள் எத்தனை?' என்று ஒரு கேள்வி. அயற்பாடசாலை அதிபர் வகுப்பு வகுப்பாகப் போய் எண்ணி, 6 என்று நேர்மையாக எழுதினார். ஆறும் மார்க்கர் பேனையால் எழுதித் துணியால் துடைக்கும் சாதாரணப் பலகைகள். படிவத்தை வாசித்தவர்கள் வேறு விதமாக எண்ணிக்கொண்டார்கள். ஏற்கெனவே ஆறு இருக்கும் இடத்துக்கு ஏழாவது எதற்கு என்று அந்தப் பாடசாலை பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது.

ஆகவே 'வெண்பலகை' என்ற பகுதியே இல்லாத ஒரு சொல் வேண்டும். தரம் 6 பிள்ளையின் வாயில் புரளவேண்டும், படிவத்திலும் நிற்கவேண்டும். சரக்கு உள்ளவர்கள் எடுத்துவிடுங்கள்.

---

அனுப்புநர்: ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பி,

செம்பக்கக் கதையை வாசித்து முதலில் சிரித்தேன். பிறகு, இப்படிப்பட்ட சொற்களை ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்பியவன் நானும்தான் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடவேண்டும், இல்லாவிட்டால் வடமொழி, அதுவும் கைவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதவேண்டும். அவரைவிட உங்கள் ஊருக்கு நெருக்கமானவர் விபுலாநந்த அடிகள். திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தியவரே 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கும் தலைமை தாங்கினார். அந்த ஊரில் இருந்துகொண்டு நீங்கள் சொல்லுக்கு அலைவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

என் முன்மொழிவு 'இடைவினைப் பலகை'. ஊடாடுதல் என்றால் எங்கள் பக்கத்தில் ஒருவரோடு பழகித் திரிவது. பலகையோடு அப்படிப் பழக முடியாது.

---

அனுப்புநர்: மென்பொருள் தமிழாக்கப் பணியாளர், சென்னை

வணக்கம். 'திறன்பலகை' என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது. திறன்பேசி நிலைத்துவிட்டது, உங்கள் நாட்டுச் செய்தித்தாள்களிலேயே 'திறன் வகுப்பறை' வருகிறது. புழக்கத்தில் இருப்பதைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றை வார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அகராதிகளில் தூங்கும் சொற்கள் போதாதா?

---

அனுப்புநர்: ஆரம்பப் பிரிவு ஆசிரியை, மூதூர்

தம்பி, 'தொடுபலகை' என்று வைத்தால் என்ன? பிள்ளைகள் செய்வது அதைத்தானே.

ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். என்னிடம் அந்தப் பலகையே இல்லை. மடிக்கணினி ஒன்று, பாடசாலைக்குப் பொதுவான மல்டிமீடியா புரொஜெக்டர் ஒன்று, வீட்டிலிருந்து கொண்டுபோகும் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று. உலாவியில் எக்ஸ்காலிட்ரோவைத் திறப்பேன். பணமும் இல்லை, பதிவும் இல்லை, திறந்தவுடன் எழுதலாம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மவுசைப் பிடித்து 'அ' எழுதுவார்கள். பயிற்சிக்குப் போனபோது அதையும் வெண்பலகை என்றுதான் சொன்னார்கள். விரிப்பா வெண்பலகை, உலாவிக்குள் இருப்பதா வெண்பலகை?

---

அனுப்புநர்: கணித ஆசிரியர், உவர்மலை

அனைவருக்கும் நன்றி. மூதூர் அக்காவின் கேள்வியை வாசித்த பிறகுதான் நான் கேட்டதே அரைக் கேள்வி என்று தெரிந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சென்னை நண்பரே, 'திறன்' என்ற சொல்லோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. ஒரு செக்கனில் செய்யப்படும் வேலை உங்கள் இயற்பியல் நூலில் திறன், எங்கள் பௌதிகவியல் நூலில் வலு. பாக்குநீரிணையைக் கடக்கும்போது சொல் பொருளைக் கழற்றிவிட்டு வருகிறது. அதையாவது பொறுக்கலாம். ஆனால் 'திறன்பலகை' பலகையைப் புகழ்கிறதே ஒழிய, அது என்ன செய்யும் என்று சொல்வதில்லை. அந்தப் புகழ்ச்சி வந்த வழியும் தெரிந்ததுதான். 'ஸ்மார்ட் போர்ட்' என்பது கனடாவின் ஸ்மார்ட் டெக்னாலஜிஸ் நிறுவனம் 1991 இல் விற்பனைக்கு விட்ட பலகையின் பெயர். ஒரு கடைப்பெயரை மொழிபெயர்த்து நாம் கலைச்சொல் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். கடைப்பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கூகுளின் ஜாம்போர்டே சாட்சி. விலை கொடுத்து வாங்கும் திரைக்கும் அந்தப் பெயர், உலாவியில் இலவசமாகத் திறக்கும் செயலிக்கும் அதே பெயர். 2024 டிசெம்பர் 31 உடன் அது முடிந்தது. 'ஜாம்போர்டில் போடுங்கள்' என்று கொரோனாக் காலத்தில் பிள்ளைகளைப் பழக்கிய நான், இன்று அந்த வினைச்சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஐயா, 'இடைவினை' தமிழாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் கணிதம் படிப்பிப்பவன். எங்கள் பிள்ளைகளுக்கு 'இடை' என்றால் எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது. அதற்கு அடுத்த பாடத்தில் இடையம் வருகிறது. இடைவினைப் பலகை என்றால் முன் வாங்கில் இருப்பவன் கல்குலேட்டரை எடுத்துவிடுவான்.

'தொடுபலகை' எனக்கும் பிடித்திருந்தது, ஒரு பல்லி வரும்வரை. எங்கள் பலகையின் ஓரங்களில் அகச்சிவப்புக் கதிர்களை விடும் சிறு விளக்குகளும், அவற்றின் எதிர் ஓரங்களில் அக்கதிர்களைப் பிடிக்கும் உணரிகளும் வரிசையாக இருக்கின்றன. விரல் எங்கே கதிரை மறைக்கிறதோ அங்கே புள்ளி விழும். மேற்பரப்பில் விரல் படவேண்டும் என்றுகூட இல்லை, மயிரிழை தள்ளி நின்றாலும் போதும். சென்ற மாதம் சமாந்தரக் கோடுகளை விளக்கிக்கொண்டிருந்தபோது மேற்சட்டத்தில் இருந்து ஒரு பல்லி இறங்கி, நடுப்பலகையில் கொஞ்சம் நின்று யோசித்து, வலது மூலைக்கு ஓடியது. பின்னாலேயே நீல நிறத்தில் ஒரு குறுக்கோடி. ஒத்த கோணங்களைக் காட்ட எனக்கு அதுதான் தேவையாக இருந்தது என்பது வேறு விடயம். இன்னொரு வகைப் பலகை இருக்கிறது. மின்காந்தத்தால் தன் பேனையை மட்டுமே அறியும். முழுக் கையையும் வைத்துத் தேய்த்தாலும் அசையாது. ஒன்று தொடாமலே எழுதும், மற்றது தொட்டாலும் எழுதாது. இரண்டுக்கும் 'தொடு' பொருந்தவில்லை.

ஆனால் எழுதுதல் எல்லாவற்றுக்கும் பொதுவானது. மேலேயிருந்து ஒளி விழும் பலகையானாலும், தானே ஒளிரும் தட்டைத் திரையானாலும், படம் தோன்றும் இடத்திலேயே நாம் எழுதுகிறோம். கடதாசியிலும் கரும்பலகையிலும் எழுதலாம், ஆனால் அங்கே படம் தோன்றாது. சினிமாத் திரையில் படம் தோன்றும், எழுத முடியாது. இரண்டும் சேருவது இங்கேதான். எனவே 'எழுதுதிரை'. எழுதுகோல் இருக்கிறது, எழுதுபொருள் இருக்கிறது, எங்கள் நாட்டில் கந்தோருக்குக் கந்தோர் எழுதுவினைஞர் இருக்கிறார். அந்த வரிசையில் இது பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று வராது என்பதைத் தாள் ஒட்டுபவர்கள் கவனிக்கவேண்டும்.

அக்கா, இனி உங்கள் விரிப்பு. விரிப்பு வெறும் திரை, அதில் சிக்கல் இல்லை. உலாவிக்குள் திறக்கிறதே, அதற்குத்தான் பெயர் இல்லை. அது பலகை அல்ல, சட்டமும் இல்லை, விளிம்பும் இல்லை. வலப்பக்கம் தள்ளத் தள்ள இடம் வந்துகொண்டே இருக்கும். இதற்குச் சொல் தேடி நான் அகராதியைத் திறக்கவில்லை, பஸ்ஸில் ஏறினேன். நிலாவெளி, குச்சவெளி என்று நடத்துநர் கூவிக்கொண்டிருந்தார். ஊருக்குள்ளேயே மனையாவெளி இருக்கிறது. தடுப்பில்லாத நிலத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. 'எழுதுவெளி' என்றால் எப்படி இருக்கிறது? உங்கள் எக்ஸ்காலிட்ரோ ஓர் எழுதுவெளி. லோசான் பல்கலைக்கழகத்தில் தொடங்கி இன்று எவரும் இலவசமாக நிறுவக்கூடிய ஓப்பன்போர்ட் இன்னோர் எழுதுவெளி. அதற்கு இணையமே தேவையில்லை, டேட்டா முடிந்த மாதக் கடைசியில் என்னைக் காப்பாற்றுவது அதுதான். எழுதுதிரை இல்லாமலும் எழுதுவெளியை வைத்துப் பாடம் நடத்தலாம் என்பதை நீங்கள்தான் படுக்கை விரிப்போடு காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மறுபுறம், எழுதுதிரையை மாட்டிவிட்டு எழுதுவெளி ஒன்றைக்கூட நிறுவாமல் படம் காட்டவே வைத்திருக்கும் பாடசாலைகளும் உண்டு. ஒரே சொல் இரண்டையும் மூடியிருந்ததால் இந்த வித்தியாசத்தைச் சொல்லக்கூட முடியாமல் இருந்தோம்.

சொல்லைச் சோதிக்க ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: 'எழுதுதிரையில் ஜியோஜீப்ராவைத் திறந்து முக்கோணியின் ஓர் உச்சியை இழுத்துப் பாருங்கள், கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையிலிருந்து மாறுகிறதா என்று எழுதுவெளியில் குறித்துக்கொள்ளுங்கள்.' தரம் 8 பிள்ளைகளிடம் கொடுத்தேன். இரண்டு சொற்களையும் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. ஜியோஜீப்ராவைத்தான் கேட்டார்கள்.

'ஊடாடு' என்ற அடை காணாமல் போகிறதே என்று சிலர் வருந்தக்கூடும். உண்மையில் ஊடாடுவது பலகை அல்ல. உச்சியை இழுத்தால் கோணம் மாறுகிறது என்றால் அந்த வேலையைச் செய்வது ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) என்ற கணினி உருவகங்களில் மின்குமிழை இணைத்தால் எரிகிறது என்றால் அதுவும் மென்பொருளின் குணம். அந்த அடை அங்கே இருக்கட்டும், சுவரில் மாட்டியதற்கு வேண்டாம்.

---

அனுப்புநர்: ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

தம்பி, இடைவினையை மீளப் பெறுகிறேன். எழுதுவெளிக்கு மறுபேச்சில்லை, இதை நான் யோசிக்கவில்லையே என்றுதான் இருக்கிறது. எழுதுதிரையில் மட்டும் ஒரு முடிச்சு: கைக்குள் அடங்கும் டேப்லெட்டிலும் பேனையால் எழுதலாம். அதுவும் எழுதுதிரைதானா?

---

அனுப்புநர்: கணித ஆசிரியர், உவர்மலை

ஆம் ஐயா, அதுவும்தான். கோழிமுட்டையும் முட்டை, தீக்கோழி முட்டையும் முட்டை. படிவத்தில் பிரித்துக் காட்டவேண்டிய இடத்தில் 'வகுப்பறை எழுதுதிரை' என்று எழுதுவோம்.

---

அனுப்புநர்: மென்பொருள் தமிழாக்கப் பணியாளர், சென்னை

எழுதுவெளியை எங்கள் தமிழாக்கக் கோப்பில் இன்றே சேர்க்கிறேன். எழுதுதிரையைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். பொருள் மாறினாலும் திறன்பலகையைக் கடைக்காரர்கள் விடமாட்டார்கள்.

---

அனுப்புநர்: ஆரம்பப் பிரிவு ஆசிரியை, மூதூர்

தம்பி, நேற்று எழுதுவெளி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். எழுதுதிரையைச் சொல்லிக்கொடுத்தபோதுதான் ஒரு சங்கடம். ஐந்து தடவை சொன்னால் நாலாவது தடவையில் ஒரு 'து' கழன்று 'எழுதிரை' ஆகிவிடுகிறது. கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை ஒருவனுக்கு அதை எழுதிக் காட்டி, திரை என்றால் அலை என்றும் பொருள், இப்படி எழுதினால் எழுகின்ற அலை என்று ஆகிவிடும் என்று சொன்னேன். அவன் விரிப்பைப் பார்த்தான். யன்னலால் வந்த கச்சான் காற்றில் அது உப்பிப் புடைத்து நின்றது. எழும்புகிறதுதானே டீச்சர் என்றான்.