செட்டிங்ஸில் விண்டோஸ் 11, ரெஜிஸ்ட்ரியில் விண்டோஸ் 10: எதை நம்புவது?

கேள்வி:
ஒரு கணினியில் பிரிண்டர் டிரைவர் போட வேண்டும். டவுன்லோட் பக்கத்தில் விண்டோஸ் பதிப்பும், 32 பிட்டா 64 பிட்டா என்பதும் கேட்கிறார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் 11 ப்ரோ என்று இருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ப்ராடக்ட் நேம்' விண்டோஸ் 10 ப்ரோ. பழைய கணக்கு மென்பொருள் ஒன்றோ 6.2 என்று காட்டுகிறது. எது சரி?

பதில் 1:
செட்டிங்ஸ்தான் சரி. ஆனாலும் பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தரப்படும் பில்ட் எண்ணைப் பாருங்கள். விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் வின்வெர் என்று ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். 'ஓஎஸ் பில்ட்' என்று ஒரு எண் வரும். புள்ளிக்கு முன்னால் இருக்கும் ஐந்து இலக்கம்தான் முக்கியம். பின்னால் இருப்பது மாதாமாதம் வரும் அப்டேட்டைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

19045 என்றால் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2. 22000-இலிருந்து விண்டோஸ் 11. அதில் 22621 என்பது 22எச்2, 22631 என்பது 23எச்2, 26100 என்பது 24எச்2. சர்வர் 2025-க்கும் இதே 26100தான், அதனால் சர்வர் கணினி என்றால் எடிஷன் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

ரெஜிஸ்ட்ரி ஏன் 10 என்கிறது? விண்டோஸ் 11 வந்தபோது அந்த 'ப்ராடக்ட் நேம்' மாற்றப்படவில்லை. உள் பதிப்பு எண்ணும் 10.0 ஆகவே தொடர்கிறது. அதே இடத்தில் 'கரன்ட் பில்ட்' என்று இருப்பதைப் பாருங்கள், அது சரியாக இருக்கும்.

6.2 என்பது விண்டோஸ் 8-இன் எண். புதிய விண்டோஸுக்குத் தயார் என்று தன் மேனிஃபெஸ்ட்டில் (மென்பொருளோடு வரும் விவரக் குறிப்பு) அறிவிக்காத பழைய மென்பொருள் பதிப்பைக் கேட்டால், 8.1-இலிருந்து விண்டோஸ் இந்த எண்ணைத்தான் கொடுக்கிறது. பழைய மென்பொருள் குழம்பி நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

பதில் 2:
பிட் விவரம் வின்வெரில் வராது. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய் 'சிஸ்டம் டைப்' வரியை முழுதாகப் படியுங்கள். அதன் முதல் பாதி விண்டோஸைப் பற்றியது, இரண்டாம் பாதி பிராசஸரைப் பற்றியது. பலர் பிராசஸரைப் பார்த்து 64 என்று முடிவு செய்துவிட்டு, டிரைவர் ஏறவில்லையே என்று திண்டாடுகிறார்கள். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆனால் அந்த வரியில் 'ஆர்ம்' (வேறு வகைப் பிராசஸர்) என்று இருந்தால் சாதாரண 64 பிட் டிரைவர் உதவாது, ஆர்ம் 64-க்கென்று தனியாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, 22631 என்று வந்தது. இன்னொரு கணினி பூட்டே ஆகவில்லை, ரிகவரி திரையோடு நிற்கிறது. அதில் எப்படிப் பார்ப்பது?

பதில் 1:
ரிகவரியில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறங்கள். அங்கே 'வெர்' கட்டளை போட்டால் ரிகவரியின் பதிப்புதான் வரும், அதை நம்ப வேண்டாம். விண்டோஸைப் பராமரிக்கும் கருவியான 'டிஸ்ம்' கட்டளையில் 'இமேஜ்' என்ற இடத்தில் விண்டோஸ் இருக்கும் டிரைவைக் கொடுத்து 'கெட் கரன்ட் எடிஷன்' கேளுங்கள். ரிகவரியில் டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம். வழக்கமாக சி-யாக இருப்பது டி-யாக ஆகியிருக்கலாம். முதலில் 'டிர்' போட்டு விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

விடையில் இரண்டு எண் வரும். மேலே வரும் 'வெர்ஷன்' டிஸ்ம் கருவியுடையது. கீழே 'இமேஜ் வெர்ஷன்' என்று வருவதுதான் உங்களுக்கு வேண்டியது.