இன்சுலின் ஆய்வுகள் ஏன் கொழுப்புக்கலத்தைச் சுற்றியே நடக்கின்றன?

கேள்வி: உயிரியல் ரீச்சர்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். இன்சுலின் பாடத்தின்போது ஒரு மாணவி எழுப்பிய கேள்வியை இங்கே வைக்கிறேன். இன்சுலின் சுரந்ததும் குருதியிலுள்ள குளுக்கோசின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது வன்கூட்டுத் தசை. கொழுப்பிழையம் எடுப்பது ஏறத்தாழ பத்திலொரு பங்கோ அதிலும் குறைவோதான். அப்படியிருக்க, இன்சுலினின் சமிக்ஞைப் பாதையை ஆராய்ந்த உயிர்இரசாயனவியலாளர் பலர் தசையை விட்டுக் கொழுப்புக்கலத்தை ஏன் தேர்ந்தார்கள்? வெறும் வசதிக்காகவா, அல்லது நீரிழிவை விளங்கிக்கொள்ள அந்தக் கலம் உண்மையிலேயே அவசியமா?

பதில் 1: கலன்

ரீச்சர், தொடக்கக் காரணம் வசதிதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1964இல் மார்ட்டின் ரொட்பெல் எலியின் கொழுப்பிழையத்தைத் துண்டாக்கி, கலங்களைப் பிணைக்கும் நாரைக் கரைக்கும் கொலாசனேசு நொதியத்துடன் 37 பாகை வெப்பநிலையில் மெதுவாகக் குலுக்கி, தனித்தனிக் கலங்களாகப் பிரித்தெடுத்தார். கொழுப்பு நிறைந்த கலங்கள் மட்டும் திரவத்தின் மேலே மிதந்து வந்துவிட, ஏனைய கலங்கள் அடியில் தங்கிவிடும். ஆகவே தூய்மையாக்குவதற்குத் தனிப் பாடுபட வேண்டியதில்லை. அக்கலங்கள் கண்ணாடியில் பட்டால் உடைந்துவிடக்கூடியவை என்பதால் பிளாஸ்டிக் குப்பிகளிலேயே கையாளப்படுகின்றன. தசை நார்களை இப்படி உயிருடன் பிரித்தெடுப்பது அவ்வளவு இலகுவன்று. அத்துடன், இன்சுலின் பட்டவுடன் எலியின் கொழுப்புக்கலம் குளுக்கோசு எடுக்கும் வேகம் பத்து மடங்குக்கும் மேலாக உயரக்கூடும் என்பதால், அளப்பவருக்கு மாற்றம் தெளிவாகத் தெரியும்.

அந்தத் தெளிவின் பயனை 1980இல் கண்டோம். குஷ்மனும் வார்ட்சாலாவும் ஒருபுறம், சுசுக்கியும் கோனோவும் மறுபுறம், தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள்: குளுக்கோசு கடத்திகள் இன்சுலின் வந்த பிறகு புதிதாக உருவாவதில்லை, கலத்தினுள்ளே ஏற்கெனவே இருப்பவையே மேற்பரப்பு மென்சவ்வுக்கு நகர்கின்றன. அக்கடத்தியே பின்னர் குளுட்-4 எனப் பெயர் பெற்றது. கலத்தின் மேற்பரப்பிலுள்ள இன்சுலின் வாங்கியில் தொடங்கி, ஐஆர்எஸ் புரதங்கள், பிஐ-3 கைனேசு, ஏகேடி என்று ஒன்றையொன்று தூண்டும் புரதங்கள் வழியே சமிக்ஞை இறங்கி வந்து, ஏஎஸ்160 என்னும் புரதத்தில் பொசுபேற்று ஏறும்போது அதன் தடை நீங்கி, குளுட்-4ஐச் சுமக்கும் புடகங்கள் (சிறு பைகள்) மேற்பரப்பை அடைகின்றன. தசையிலும் இதே கடத்திதான் நகர்கிறது என்பதால், கொழுப்புக்கலத்தில் கற்றது வீணாகவில்லை.

பதில் 2: நீர்வேலியான்

கலன் கூறியவை சரியானவை, ஆனால் மாணவியின் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு அவை பதிலாகா. கொழுப்புக்கலம் எவ்வளவு குளுக்கோசை உள்ளே எடுக்கிறது என்பதைவிட, கொழுப்பமிலத்தை எவ்வளவு வெளியே விடுகிறது என்பதே நீரிழிவில் முக்கியம் என்பது என் கருத்து.

பட்டினியின்போது அதிரனலின் போன்றவை கலத்தினுள் செய்தி கடத்தும் மூலக்கூறான சக்கர ஏஎம்பியைக் கூட்டுகின்றன. அதனால் கொழுப்புத்துளியைச் சூழ்ந்துள்ள பெரிலிப்பின் புரதம் விலகி நொதியங்களுக்கு இடம் விட, சேமிப்புக் கொழுப்பான முக்கிளிசரைட்டு உடைகிறது. முதல் வெட்டை நிகழ்த்தும் நொதியமான ஏரிஜிஎல் அடையாளம் காணப்பட்டது 2004இல்தான் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது, ஏனெனில் அதற்கு முன்பு பல தசாப்தங்களாக ஹோர்மோன் உணர் லிப்பேசு என்னும் இன்னொரு நொதியமே முதல்வனாகக் கருதப்பட்டது. இன்சுலின் ஏகேடி வழியாகப் பொசுபோடைஎஸ்ரரேசு 3பீ என்னும் நொதியத்தைத் தூண்டி அந்தச் சக்கர ஏஎம்பியைச் சிதைத்துவிட, கொழுப்பு உடைவது அடங்குகிறது. இதற்குத் தேவையான இன்சுலின், தசையைக் குளுக்கோசு எடுக்கச் செய்யத் தேவையானதைவிடக் குறைவு. இரண்டாம் வகை நீரிழிவாளரில் கீற்றோன் மிகை (கொழுப்பமிலங்களிலிருந்து ஈரல் ஆக்கும் கீற்றோன்கள் குருதியில் மிகுவது) ஏன் அரிது என்பதற்கும், இன்சுலின் அறவே இல்லாத முதலாம் வகையில் அது ஏன் விரைவில் வருகிறது என்பதற்கும் இதுவே முக்கிய விளக்கம்.

இந்தக் கட்டுப்பாடு தளரும்போது கொழுப்பமிலங்கள் ஈரலுக்குப் பெருகிச் சென்று, அது குளுக்கோசு ஆக்குவதற்குச் சக்தியும், கூடவே வரும் கிளிசரோல் அதற்கு மூலப்பொருளும் தருகின்றன.

இன்னொரு சான்று: 2001இல் பார்பரா கானின் ஆய்வுகூடத்தினர் சுண்டெலியின் கொழுப்பிழையத்தில் மட்டும் குளுட்-4ஐ நீக்கினார்கள். தசையின் குளுட்-4ஐத் தொடவில்லை. ஆயினும் தசையிலும் ஈரலிலும் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்குச் சரிவர இணங்காத நிலை, உண்டாயிற்று. அத்தசையை உடலிலிருந்து பிரித்தெடுத்துச் சோதித்தால் வழமைபோல் இயங்கியது. எனவே கோளாறு குருதி வழியாக வந்திருக்க வேண்டும்.

பதில் 3: கிளினிக் வைத்தியர்

நான் வடக்கில் நீரிழிவுக் கிளினிக் ஒன்றில் பணியாற்றுபவன். இங்கு வருவோரில் தோட்டத்தில் வேலை செய்து மெலிந்த கைகால்களுடன் இருப்பவர்கள் பலர். ஆனால் இடுப்பைச் சுற்றி அளவுநாடாவைப் பிடித்தால்தான் விடயம் புரியும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. தோலின் கீழுள்ள கொழுப்பிழையத்தில் இடம் போதாதபோது கொழுப்பு ஈரலிலும் தசையிலும் ஒதுங்குகிறது என்ற விளக்கம் இவர்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. பிறவியிலேயே கொழுப்பிழையம் அற்றவர்களுக்குக் கடும் நீரிழிவு வருகிறது. அவர்களுக்குக் கொழுப்பிழையம் சுரக்கும் ஹோர்மோனான லெப்ரினைக் கொடுக்கும்போது நிலைமை தேறுவது 2002 முதல் ஆவணப்படுத்தப்பட்டுள்ளது. பயோகிளிற்றசோன் என்னும் நீரிழிவு மாத்திரை தோலடிக் கொழுப்பைக் கூட்டியும் இன்சுலின் எதிர்ப்பைக் குறைப்பதைக் கேட்டு நோயாளிகள் நம்ப மறுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

உயிரியல் ரீச்சர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியுள்ளது. கொழுப்புக்கலம் எடுக்கும் அந்தச் சிறு பங்குக் குளுக்கோசினால் அதற்கு என்ன பயன்? கொழுப்பமிலம்தானே அங்கு சேமிக்கப்படுகிறது?

நீர்வேலியான்

கொழுப்பமிலங்களை முக்கிளிசரைட்டாகக் கட்டுவதற்குக் கிளிசரோல்-3-பொசுபேற்று தேவை, ரீச்சர். தான் உடைத்த கொழுப்பிலிருந்து வரும் கிளிசரோலை மீண்டும் பயன்படுத்துவதற்குரிய கைனேசு நொதியம் கொழுப்புக்கலத்தில் மிகக் குறைவு. ஆகவே உணவு உண்ட பின் அந்த மூலக்கூறைப் பெரும்பாலும் குளுக்கோசிலிருந்தே ஆக்கிக்கொள்கிறது. இதனால் ஆய்வாளருக்கும் ஒரு வசதி உண்டு: கலங்கள் வெளிவிட்ட கிளிசரோல் திரும்ப உள்ளே எடுத்துச் செலவாவதில்லை என்பதால், குப்பியிலுள்ள திரவத்தில் அதை அளந்தாலே எவ்வளவு கொழுப்பு உடைந்தது என்று கணக்கிட்டுவிடலாம். கொழுப்பமிலத்தை அளந்தால் அப்படிச் சொல்ல முடியாது, ஏனெனில் அதில் ஒரு பகுதி உடனடியாக மீண்டும் கொழுப்பாகக் கட்டப்பட்டுவிடும்.