ஒரே தெருவில் இரண்டு உபவாசம்: பண்டிகைத் தேதி அனுபவங்கள்

ரம்லாவிலிருந்து:

இஸ்ரேலில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. இங்கே மெட்டபெலெட் என்பார்கள். சொந்த ஊர் கன்னியாகுமரிப் பக்கம். ரம்லாவில் நான் பார்த்துக்கொண்ட பாட்டி எகிப்திலிருந்து வந்து குடியேறிய கராயிட் யூதர், அதாவது ரபிகள் என்கிற யூத குருமார் வகுத்த விதிகளை ஏற்காமல் வேதத்தை மட்டும் ஏற்கிற பிரிவு. அப்படி ஒரு பிரிவு இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. யூதர் என்றால் யூதர், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

போய்ச் சேர்ந்த வருஷமே யோம் கிப்பூர் வந்தது, நம் வேதாகமத்தில் பாவநிவிர்த்தி நாள். முந்தின நாள் மத்தியானமே கடைகளைச் சாத்திவிட்டார்கள். பஸ் கிடையாது, டிவி கிடையாது, விமான நிலையம்கூட மூடல். நடுரோட்டில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டிக்கும் உபவாசம்தானே என்று காலையில் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஒன்பது மணிக்குப் பாட்டி, "காபி எங்கே?" என்றார்.

"இன்றைக்கு உபவாசம் இல்லையா சாவ்தா (பாட்டி)?"

"அது அவர்களுக்கு. நமக்கு நாளைக்கு."

சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தச் சொன்னார். காபி வாசம் எதிர்வீட்டுக்குப் போகக் கூடாதாம்.

மறுநாள் குப்பை வண்டி வந்தது, பஸ் ஓடியது, எதிர்வீட்டில் ஏதோ பொரிக்கிற சத்தம். இங்கே பாட்டி வெறும் வயிற்றோடு ஜெபப் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தார். யோம் கிப்பூர் முடிந்த அடுத்த நாள் என்று பார்த்துப் பார்த்து அவருடைய கண் டாக்டரிடம் அன்றைக்குத்தான் நான் நாள் வாங்கி வைத்திருந்தேன். போச்சு. அடுத்த தேதி மூன்று மாதம் தள்ளிக் கிடைத்தது.

விஷயத்தைப் பாட்டியின் மகன்தான் விளக்கினார். கராயிட்டுகளுக்குப் பிறை கண்ணில் பட்டால்தான் மாதம் பிறக்கும். அமாவாசை கடந்து அந்த மெல்லிய கீற்று கண்ணுக்குத் தெரிய ஒரு நாளோ கூடவோ ஆகும், அதனால் அவர்கள் தேதி அடிக்கடி ஒரு நாள் தள்ளி விழுகிறது. சில வருஷம் இரண்டும் ஒன்றாகவே வந்துவிடும். மற்ற யூதர்கள் பிறை பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். அவர்களுடையது முழுக்கக் கணக்கு, 19 வருஷத்தில் 7 வருஷத்துக்கு 13 மாதம். அதிலும் ஒரு சங்கதி: அவர்களுடைய வருஷப் பிறப்பு ஞாயிறு, புதன், வெள்ளியில் விழவே விழாது, விழப்பார்த்தால் தள்ளிவைத்துவிடுவார்கள். எதிர்வீட்டு மொராக்கோ அம்மா இதற்குக் காரணம் சொன்னார். புதனிலோ வெள்ளியிலோ வருஷம் பிறந்தால் பத்தாம் நாளான யோம் கிப்பூர் சனிக்கிழமை ஓய்வுநாளுக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அடுப்பு எரிக்க முடியாது, செத்தவரை அடக்கம்கூடப் பண்ண முடியாது. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பாட்டியின் மகனோ, "மோசே எழுதியதில் இது எங்கே இருக்கிறது, காட்டு" என்பார். வாக்கியமா திருக்கணிதமா என்று நம் ஊரில் நடக்கிற வழக்குதான் ஞாபகம் வந்தது.

மார்ச் மாதத்தில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மகன் நண்பர்களோடு தெற்கே போய் நாலைந்து வாற்கோதுமைக் கதிர் கொண்டுவந்தார். மேலே பச்சை மங்கி மஞ்சள் ஏறியிருந்தது. ஒரு மணியை உரித்து என் உள்ளங்கையில் வைத்து, "நகத்தால் அழுத்து" என்றார். பால் வற்றி இறுக ஆரம்பித்திருந்தது, ஆனால் நகம் பதிந்தது. அப்புறம் கதிரைக் கேஸ் அடுப்புத் தீயில் காட்டி, மீசை கருகியதும் கசக்கி ஊதி, பாட்டிக்கு இரண்டு மணி, எனக்கு இரண்டு மணி. "இதுதான் ஆபிப்" என்றார்.

சின்ன வயதிலிருந்து ஆபிப் மாதம், ஆபிப் மாதம் என்று வாசித்து வந்தவள் நான். சித்திரை, வைகாசி மாதிரி அதுவும் ஒரு பெயர் என்றே நினைத்திருந்தேன். கதிர் அந்தப் பருவத்துக்கு வந்திருப்பதுதான் ஆபிப். யாத்திராகமத்தில் எகிப்தில் கல்மழை பெய்தபோது வாற்கோதுமை கதிர்விட்டிருந்தது என்று வருகிறதே, அங்கேயும் எபிரெயத்தில் இதே சொல்தான். கதிர் இந்தப் பக்குவத்துக்கு வராவிட்டால் இன்னொரு மாதம் சேர்த்துவிட்டு, ஆபிப் மாதத்தில் வருகிற பஸ்காவை (எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பண்டிகை) தள்ளிவைப்பார்கள். அதனால் சில வருஷம் வித்தியாசம் ஒரு நாளாக இல்லாமல் ஒரு மாதமாகவே ஆகிவிடும்.

ஐம்பது நாள் எண்ணிக் கொண்டாடுகிற பெந்தெகொஸ்தேயில் மட்டும் பாட்டியும் கிறிஸ்தவர்களான நாங்களும் ஒரே கட்சி. லேவியராகமம் 23இல் 'ஓய்வுநாளுக்கு மறுநாள்' என்பதை அவர்கள் சனிக்கிழமைக்கு மறுநாள் என்றே எடுத்து எண்ணுகிறார்கள். ஆகவே எப்போதும் ஞாயிறுதான். எதிர்வீட்டில் பஸ்காவின் முதல் நாளையே ஓய்வுநாளாக எடுத்து எண்ணுவதால் கிழமை மாறும்.

இந்த மாதிரி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

யாத்திரைக் குழு அழைத்துப் போகிறவர்:

அக்கா, நீங்கள் இரண்டு சொன்னீர்கள், மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. மேற்குக் கரையில் நாப்லுஸ் பக்கம் கெரிசீம் மலையில், மோசேயின் ஆகமங்களை மட்டும் ஏற்கிற சமாரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். மொத்தமே ஆயிரம் பேர் தேறாது, பாதிப் பேர் அங்கே, மீதிப் பேர் டெல் அவீவ் பக்கம் ஹோலோனில். அவர்களுக்குத் தனிக் காலண்டர். அந்தக் கணக்கு ஆசாரியக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. பிரதான ஆசாரியர் ஆறு ஆறு மாதத்துக்காக வருஷத்தில் இரண்டு தடவை தேதிகளைக் கொடுப்பார்.

ஒரு வருஷம் அவர்கள் பஸ்கா பலியைப் பார்க்கக் கொடுத்துவைத்தது. வெள்ளை உடுப்போடு எல்லாரும் நிற்க, சூரியன் சாயும் நேரத்தில் ஆடுகளை அறுத்தார்கள். நீளமான மரக்கம்பில் முழு ஆட்டையும் கோத்து, கனல் நிறைந்த ஆழக் குழிக்குள் செங்குத்தாக இறக்கி, வாயைச் சேற்றால் பூசி அடைத்தார்கள். நள்ளிரவில்தான் திறப்பார்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் அதற்குள் பஸ்ஸில் தூங்கிவிட்டார்கள்.

காலண்டர் பகை பழசு. அந்தக் காலத்தில் எருசலேமில் மாதம் பிறந்ததும் மலைக்கு மலை தீ ஏற்றித் தூரத்து ஊர்களுக்குச் சொல்வார்களாம். சமாரியர்கள் தப்பான நாளில் தீ ஏற்றிக் குழப்பியதால் ஆள் அனுப்பிச் சொல்கிற வழக்கம் வந்தது என்று யூத ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. சமாரியர் பக்கத்துக் கதையை யார் எழுதி வைத்தார்கள்!

எருசலேமில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரி:

எனக்கு உயிர்த்த ஞாயிறுதான் பிரச்சினை. 2024இல் எங்களுக்கு மார்ச் 31. நான் பார்க்கிற ஐயாவின் பஸ்கா ஏப்ரல் 22 இரவு தொடங்கியது. கிரேக்க ஓர்த்தொடொக்ஸ் ஆட்களுக்கு மே 5. திருக்கல்லறைத் தேவாலயம் ஒன்றுதான், அதற்குள் ஐந்து கிழமை இடைவெளியில் இரண்டு உயிர்ப்பு விழா! அவர்கள் இன்னும் பழைய ஜூலியன் காலண்டர் கணக்கில் இருக்கிறார்கள்.

2025இல் இரண்டும் ஏப்ரல் 20இலேயே வந்தது. பஸ்காவுக்காக ஐயாவின் வீட்டில் ஒரு கிழமையாகப் பாண் இல்லை, புளிப்பில்லாத அப்பமான மட்சாதான். பஸ்கா சனிக்கிழமை இருட்டியதோடு முடிந்தது. ஐயாவே என்னைக் கடைக்கு அனுப்பினார். அங்கே நீண்ட வரிசை, அடுப்பிலிருந்து இறங்க இறங்க முடிகிறது. கையைச் சுடுகிற பாணோடு வந்து அவருக்குப் பாதி கொடுத்தேன், மீதியை ஞாயிறு காலைக்கு எடுத்து வைத்தேன்.

மறுபடியும் ரம்லாவிலிருந்து:

தனியாக ஒருவர் கேட்டிருந்தார், எந்த நாள் சரி என்று. நான் மொராக்கோ அம்மாவிடம் கேட்டேன். அவர் மிஷ்னாவிலிருந்தே கதை சொன்னார். மாதப்பிறப்பு விஷயத்தில் அந்தக் காலத்து யூத சபைத் தலைவர் கமாலியேலுக்கும் ரபி யோசுவாவுக்கும் கருத்து வேறுபாடு வந்தது. 'உன் கணக்குப்படி யோம் கிப்பூர் வரும் நாளில் தடியும் பணமுமாக என்னிடம் வா' என்று கமாலியேல் கட்டளையிட்டார். அதாவது, யோசுவா தன் புனித நாளைத் தானே மீற வேண்டும். மனசு உடைந்து போனாலும் யோசுவா போனார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, குருவே என்றும் சீடனே என்றும் அழைத்தாராம்.

இதைப் பாட்டியின் மகனிடம் சொன்னேன். "மிஷ்னா எங்களுக்குச் செல்லாது. நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன்" என்றார்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. அந்த முதல் வருஷம் பாட்டியின் உபவாசம் முடிந்த சாயங்காலம், மொராக்கோ அம்மா ஒரு பாத்திரம் ஹரீரா சூப் கொண்டுவந்தார், கொண்டைக்கடலையும் பருப்பும் போட்டது. தங்கள் உபவாசம் முடிக்க முந்தின நாளே வைத்ததில் இவருக்கென்று எடுத்து வைத்திருந்தாராம். பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு பத்தவில்லை" என்றார்.