சிடியாக வந்து நின்ற வைஃபை: லினக்ஸ் அனுபவங்கள்

கும்பகோணம், டிடிபி கடை

கடைத்தெருவில் சிறியதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பள்ளி வினாத்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று எல்லா வேலையும், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போட்ட ஒரே மேசைக்கணினியில்தான் நடக்கிறது. போன ஆண்டுக்கு முந்தைய ஆவணியில், முகூர்த்தங்கள் நெருங்கிய நேரத்தில், மாடி வீட்டு ரௌட்டரிலிருந்து கடைக்கு வரும் கேபிளை எலி கடித்துவிட்டது. புதுக் கேபிள் இழுக்க ஆள் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அவசரத்துக்கு நகத்தளவு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருகினேன். விளக்கு எரியவில்லை. வைஃபை அமைப்பைத் திறந்தால், அடாப்டரே இல்லை என்றது. பக்கத்துக் கடை விண்டோஸ் கணினியில் செருகினால் ஒரு நிமிடத்தில் வேலை செய்தது.

பொருள் நன்றாக இருக்கிறது, எனவே பிழை மின்டில்தான் என்று முடிவு கட்டி, முழுவதையும் அழித்து மறுபடி நிறுவினேன். இரண்டு இரவுகள் போயின. தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகை அமைப்பையும் திரும்பச் சேர்க்கவே ஒரு இரவு முழுதும் ஆனது. நிலைமை மாறவில்லை.

மூன்றாம் இரவு, ஒரு பத்திரிகைக் கோப்பைத் தேடும்போது, கோப்பு மேலாளரின் இடப்பக்கத்தில் ஒரு சிடி படம் கண்ணில் பட்டது. என் கணினியில் சிடி டிரைவே கிடையாது. திறந்து பார்த்தேன். உள்ளே விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு ஒன்று இருந்தது. அடாப்டரைப் பிடுங்கினேன், சிடி மறைந்தது. செருகினேன், வந்தது. அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

இந்த வகை அடாப்டர்கள் செருகியவுடன் தம்மை வைஃபை என்று சொல்வதில்லை. விண்டோஸ்காரர்களுக்குத் தனி சிடி தர வேண்டாம் என்பதற்காக, கருவியை இயக்கும் மென்பொருளான இயக்கியை உள்ளேயே வைத்து, முதலில் சிடியாக வந்து நிற்கின்றன. விண்டோஸில் அந்த நிறுவல் முடிந்ததும் வேடம் கலைந்து வைஃபையாக மாறிவிடும். லினக்ஸில் இதைத் தானாகச் செய்ய யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற கருவி உண்டு. என் கணினியில் அது இல்லை. சிடி படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘வெளியேற்று’ கொடுத்தேன். அடாப்டரின் நீல விளக்கு எரிந்தது. யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை முனையத்தில் தட்டினால், சற்று முன் வேறு எண்ணோடு இருந்த கருவி இப்போது புது எண்ணோடு நின்றது.

அத்துடன் முடியவில்லை. லினக்ஸின் மையநிரலைக் கர்னல் என்பார்கள். என்னிடம் இருந்த 5.15 பதிப்புக் கர்னலில், அடாப்டருக்குள் இருந்த சிப்புக்கு இயக்கி கிடையாது. கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து, யாரோ தொகுத்து வைத்திருந்த மூலநிரலை இறக்கி நிறுவினேன். மூன்று வாரம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை, கர்னல் புதுப்பிப்பு வந்த கையோடு வைஃபை மறுபடி காணாமல் போனது. அந்த இயக்கி பழைய கர்னலுக்கென்று உருவானது. கர்னல் மாறும்போதெல்லாம் அதைத் திரும்பக் கட்டுவதற்கான டிகேஎம்எஸ் ஏற்பாட்டை நான் செய்திருக்கவில்லை. பின்னர்தான் தெரிந்தது, கர்னல் 6.2 பதிப்பு முதல் அந்தச் சிப் குடும்பத்தின் யுஎஸ்பி வகைகளுக்குக் கர்னலிலேயே இயக்கி வந்துவிட்டது என்று. மின்டின் புதுப்பிப்பு மேலாளரில் 6.5 கர்னலைத் தேர்ந்தெடுத்தேன், கையால் நிறுவியதை நீக்கினேன். அன்று முதல் தொல்லை இல்லை.

அந்தச் சிடியை முதல் இரவே பார்த்திருந்தால் இரண்டு இரவுகள் மிஞ்சியிருக்கும். ‘லினக்ஸில் வைஃபை வராது’ என்று என் கடைக்கு வருபவர்கள் சொல்லும்போது மனம் பொறுப்பதில்லை. உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். எப்படிச் சரியானது என்பதோடு, அதற்கு முன் கணினி என்ன சொன்னது என்பதையும் எழுதுங்கள். அதுதான் அடுத்தவருக்கு உதவும்.

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

என் வழக்கு வேறு. டெபியன் 11 என்ற இன்னொரு வகை லினக்ஸ் போட்ட பழைய கணினி, உள்ளே பொருத்திய வைஃபை அட்டை. உள்ளே பொருத்திய அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையோடு ‘கே’ சேர்த்துக் கொடுத்தால் அட்டையின் பெயரும், எந்த இயக்கி அதைக் கையாள்கிறது என்பதும் வரும். இரண்டுமே சரியாக வந்தன. ஆனால் ஒரு நெட்வொர்க்கும் தெரியவில்லை. பேரன் டிமெசேஜ் கட்டளையைக் காட்டிக்கொடுத்தான். கணினி எழுந்ததிலிருந்து கர்னல் எழுதிவைத்த குறிப்பெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அதில் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரி, அதன் முடிவில் கழித்தல் 2. அந்த எண்ணுக்கு ‘கோப்பு இல்லை’ என்று பொருள். கோப்பு என்ன பெயரில் வேண்டும் என்பதைக்கூட அந்த வரியே சொன்னது.

இயக்கி என்பது கர்னலின் பக்கம் இருப்பது. ஃபர்ம்வேர் என்பது அட்டைக்குள் போய் ஓட வேண்டிய நிரல். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் அட்டை பேசாது. அந்தக் கோப்புகள் பல, யாரும் பார்த்து மாற்றக்கூடிய கட்டற்ற உரிமத்தில் வருவதில்லை என்பதால், கொள்கையில் உறுதியான டெபியன் அவற்றைத் தன் வழக்கமான நிறுவல் வட்டில் வைக்காமல் இருந்தது. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவல் வட்டிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. கொள்கையை விட்டுக்கொடுத்துவிட்டார்களே என்று வருந்துகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் கிராமத்துப் பள்ளியில் ஒரு கணினியோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில், அந்த வாக்கெடுப்பின் முடிவு எனக்கு நிம்மதியைத் தந்தது.

கோயம்புத்தூர், ஐடிஐ மாணவன்

அண்ணா, என்னுடையது விண்டோஸும், உபுண்டு என்ற லினக்ஸும் சேர்ந்து இருக்கும் கணினி. உபுண்டுவில் வைஃபை சில நாள் வரும், சில நாள் வராது. எந்த நாளில் வரவில்லை என்று நோட்டில் குறித்து வந்தேன். முதல்நாள் விண்டோஸை ‘ஷட் டவுன்’ செய்து மூடிய நாள்களில் மட்டும் வரவில்லை. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து உபுண்டுவுக்கு வந்தால் வருகிறது. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை, பாதி உறங்குகிறது. அட்டையும் அதே நிலையில் மாட்டிக்கொள்கிறது. மின்சார அமைப்பில் போய் அதை நிறுத்தினேன். நான்கு மாதமாக நோட்டில் குறிக்க ஒன்றுமில்லை.

திருச்சி

என் வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான் வந்தது. இயக்கி, கர்னல் என்று எல்லாம் மாற்றினேன். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியை ஒருநாள் பரணிலிருந்து எடுத்தபோது, திருகிப் பொருத்த வேண்டிய இரண்டு ஆன்டெனாக்களும் பிரிக்காத உறையில் அப்படியே இருந்தன. பொருத்தினேன், சரியானது. கணினியின் முதுகுப்பக்கம் வைஃபைக்கென்று பித்தளைத் திருகு முனைகள் இருந்தால், தயவுசெய்து முதலில் அங்கே கை வைத்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணம்

ஐயா, எங்கள் கணனிக்கு வைஃபை அட்டையைக் கனடாவிலிருந்து பெரியப்பாவின் மகன் கொண்டுவந்து தந்தார். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மின்சாரம் நின்று திரும்பி வரும் சில நாட்களில் மட்டும் எங்கள் வீட்டு வைஃபை கணனியின் பட்டியலில் இருக்காது. அயல் வீட்டாருடையவை எல்லாம் தெரியும். கைத்தொலைபேசியில் எங்களுடையதும் தெரியும். கணனிதான் பிழை என்று அம்மா சொல்லிவிட்டார், நானும் அப்படித்தான் நம்பினேன்.

கைத்தொலைபேசியில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. மின்சாரம் வந்து ரௌட்டர் புதிதாக எழும்பும் ஒவ்வொரு முறையும் வைஃபை அலைவரிசையின் எண்ணிட்ட பிரிவுகளான சேனல்களில் தனக்குப் பிடித்ததைத் தானே தெரிவு செய்கிறது. பட்டியலில் காணாமல் போன நாட்களில் அது 13ஆம் சேனலில் இருந்தது. வட அமெரிக்கச் சந்தைக்கு வரும் அட்டைகள் பெரும்பாலும் 11ஆம் சேனலோடு நின்றுவிடும். 12, 13 என்பவற்றை எட்டிப் பார்ப்பதே இல்லை. வைஃபையை அமைக்கும் ஐடபிள்யூ கட்டளையில் நாட்டுக் குறியீட்டை மாற்றிப் பார்த்தேன், அட்டை தன் உள்ளே பதிந்த குறியீட்டையே பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் ரௌட்டரின் அமைப்புக்குள் போய் சேனலைத் தானியங்கியிலிருந்து எடுத்து 6 என்று நிலைப்படுத்தினேன். அதன் பிறகு எத்தனையோ மின்வெட்டு வந்துவிட்டது. ஒருநாளும் மறையவில்லை.

சென்னை, அம்பத்தூர்

நிறுவனக் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. ஆனால் என்னை அதிகம் அலைக்கழித்தது என் சொந்த வீட்டுக் கணினி. வெளியூரில் படிக்கும் மகள் இரவு ஒன்பதரைக்கு வீடியோவில் அழைப்பாள். சரியாக அந்த நேரத்தில் படம் உறைந்து, குரல் துண்டு துண்டாக வரும். பகலில் ஒரு குறையும் இல்லை. சிக்னல் எண்ணைப் பார்த்தால் கழித்தல் 52 டிபிஎம். மிக நல்ல நிலை. பதில் வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை ரௌட்டருக்குக் கொடுத்தால், பகலில் 3 மில்லிநொடியில் வரும் பதில், இரவில் 200, 400, பிறகு பதிலே இல்லை.

ஒன்பதரைக்கு வேறு என்ன நடக்கிறது? ஒன்பதே காலுக்குப் புகைப்படங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுக்க நானே நேரம் குறித்து வைத்திருந்தேன். அது யுஎஸ்பி 3 டிஸ்க். அதற்கு ஒட்டினாற்போல அடுத்த துளையில் வைஃபை அடாப்டர். யுஎஸ்பி 3 ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுகிறது என்று இன்டெல் 2012இலேயே ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. அடாப்டர் ரௌட்டரின் குரலைக் கேட்கத்தான் செய்கிறது, அதனால் சிக்னல் எண் குறைவதில்லை. பக்கத்தில் ஒருவர் ஓயாமல் கத்துவதால் சொற்கள்தான் பிரிவதில்லை. எண்ணை மட்டும் நம்பி நான் ஒரு மாதத்தை இழந்தேன்.

ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி, அடாப்டரைக் கணினிப் பெட்டியிலிருந்து விலக்கி மேசை விளிம்பில் ஒட்டினேன். நகலெடுப்பு ஓடும்போதே பிங் 4 மில்லிநொடிக்கு வந்தது. அன்று மகள், “அம்மா, உன் மூக்குத்தி தெரிகிறது” என்றாள். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுவதும் தீர்வுதான். எங்கள் வீட்டில் இரண்டு சுவர்களைத் தாண்டி அது வரவில்லை.

சேலம்

கும்பகோணத்து ஐயா சொன்னதுபோல டிகேஎம்எஸ் மூலம் இயக்கியை நிறுவினேன். பிழை எதுவும் வராமல் நிறுவல் முடிந்தது. ஆனால் இயக்கியை ஏற்றும்போது சாவி நிராகரிக்கப்பட்டது என்பதுபோல ஒரு வரி வருகிறது. எந்தச் சாவி? நான் எந்தச் சாவியும் கொடுக்கவில்லையே.

சென்னை, அம்பத்தூர்

உங்கள் கணினியில், எழும்போதே நம்பகமற்ற நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்குகிறது. கணினியில் பதிவான சாவியால் கையொப்பமிடாத இயக்கியைக் கர்னல் அப்போது உள்ளே விடாது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கும், நினைவிருக்கிறதா? அடுத்த முறை கணினி எழும்போது, லினக்ஸ் வருவதற்கு முன் நீலத் திரை ஒன்று வரும். பத்து நொடிதான் நிற்கும். அதற்குள் ஏதாவதொரு விசையை அழுத்தி, ‘என்ரோல் மோக்’ (சாவியைப் பதிவு செய்) என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் கணினி ஒன்றும் சொல்லாமல் வழக்கம்போல எழுந்துவிடும். நிறுவலைத் திரும்ப ஓட்டுங்கள், கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று பலர் சொல்வார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் அந்தப் பாதுகாப்பை இழப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சேலம்

நீலத் திரை வந்தது அம்மா. முதல் முறை தேநீர் எடுக்கப் போய்விட்டு வருவதற்குள் கடந்துபோயிருக்கிறது. இப்போது உட்கார்ந்தே பார்த்தேன். வைஃபை விளக்கு எரிகிறது. இதைக் கைப்பேசியில் இல்லாமல் கணினியிலிருந்தே எழுதுகிறேன்.

கும்பகோணம், டிடிபி கடை

எல்லாருக்கும் நன்றி. அம்பத்தூர் அம்மா எழுதியதைப் படித்ததும் கடைக்கணினியின் பின்னால் போய்ப் பார்த்தேன். பத்திரிகை வடிவமைப்புகளை வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்கும் அடாப்டரும் அடுத்தடுத்த துளைகளில் தோளோடு தோளாக இருந்தன. பெரிய கோப்பை அச்சகத்துக்கு அனுப்பும்போது மட்டும் ஏன் இழுபடுகிறது என்று நானும் நெடுநாளாகக் குழம்பியிருந்தேன். நீட்டிப்புக்குப் பழைய பிரிண்டரின் யுஎஸ்பி கம்பியை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. நாளைக் காலை நீட்டிப்புக் கம்பி வாங்கப் போகிறேன். இப்போதைக்கு அடாப்டரைக் கழற்றி முன்பக்கத்துத் துளையில் செருகி, டிஸ்கிலிருந்தே நாற்பது பக்க விழா மலரை அனுப்பிப் பார்த்தேன். ஒரே மூச்சில் போய்விட்டது.