ரிகரண்ட் டிரெய்னிங்: மறுபயிற்சியா, மீள்பயிற்சியா, வேறா?

வணக்கம்.

இரட்டை எஞ்சின் விமானிகள் சிமுலேட்டரில் (விமானி அறையைத் தரையில் நகலெடுத்த கருவி) ஆண்டுதோறும் எடுக்கும் ரிகரண்ட் டிரெய்னிங்குக்கு நம் தமிழாக்க வரைவில் 'மறுபயிற்சி' என்று இருக்கிறது. ஒத்துவராது. தேர்வில் தவறியவருக்கு மறுதேர்வு, கோளாறு நடந்த சாவடியில் மறுவாக்குப்பதிவு. 'மறு' என்று வந்தாலே முதலில் நடந்தது செல்லவில்லை என்றுதான் காதில் விழும். இங்கே வருபவரின் உரிமம் உயிரோடு இருக்கிறது. 'புத்தாக்கப் பயிற்சி' ஆசிரியர்களிடம் புழங்கும் சொல்தான், ஆனால் சிமுலேட்டரில் புதிதாக ஒன்றும் சொல்லித் தருவதில்லை. போன வருடம் செய்த அதே வரிசையை இந்த வருடமும் பிசகாமல் செய்ய வேண்டும், அவ்வளவே.

'தவணைப் பயிற்சி' என்று வைக்கலாமா?

---

> 'தவணைப் பயிற்சி' என்று வைக்கலாமா?

அன்பின் நண்பர்களுக்கு,

இலங்கையில் தவணை என்றால் பள்ளிக்கூடத் தவணை. தவணைப் பரீட்சைக்கான பயிற்சிப் புத்தகம் என்றே எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் கடன் தவணை நினைவுக்கு வரும். பயிற்சியைத் துண்டு துண்டாகக் கொடுப்பது என்று பொருளாகிவிடும். 'மீள்பயிற்சி' போதாதா?

இன்னொன்று. சிமுலேட்டருக்குப் 'பாவனையாக்கி' வேண்டாம். எங்களிடம் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். நல்ல சொல் அமையும் வரை சிமுலேட்டர் என்றே இருக்கட்டும்.

---

> 'மீள்பயிற்சி' போதாதா?

ஐயா, 'மீள்' வேறொரு வேலைக்குத் தேவைப்படுகிறது. ஐரோப்பிய விதிப்படி பல எஞ்சின் வகுப்புத் தகுதி, அதாவது அவ்வகை விமானத்தை ஓட்ட உரிமத்தில் சேரும் அனுமதி, ஓராண்டுதான் செல்லும். முடியும் நாளுக்கு முந்தைய 3 மாதங்களுக்குள் சோதனை கொடுத்தால் பழைய தேதியிலிருந்தே அடுத்த ஆண்டு கணக்காகும், இது ரீவாலிடேஷன். தேதியைத் தவறவிட்டால் ரினியூவல்: பயிற்சி நிறுவனம் ஆளை எடைபோட்டு, தேவையான பயிற்சி கொடுத்து, பிறகே சோதனை. இரண்டையும் 'புதுப்பித்தல்' என்று எழுதுவது நம் பழைய பழக்கம், ஓட்டுநர் உரிமத்திலிருந்தே வந்தது. போனதை மீட்பதற்குத்தான் 'மீள்' பொருந்தும். போகாமல் காப்பதற்கு அது சரியல்ல.

பயிற்சியில் நடப்பதைப் பார்த்தால் சொல்லின் சாயல் தெளிவாகும். பைப்பர் செமினோல் என்ற சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தை எடுத்துக்கொள்வோம். வேகமானியில் சிவப்புக் கோடு 56 நாட் (மணிக்கு 56 கடல் மைல்): ஒற்றை எஞ்சினில் முழு விசையோடு திசையைக் கட்டுக்குள் வைக்க முடிகிற குறைந்த வேகம். நீலக் கோடு 88: ஒற்றை எஞ்சினில் மிக வேகமாக உயரம் ஏற்றித் தருவது. 75 நாட்டில் மூக்கைத் தூக்கி, 200 அடியில் பயிற்றுநர் ஓர் எஞ்சினை நிறுத்துகிறார். மூக்கைத் தாழ்த்தி நீலக் கோட்டைப் பிடி. மிக்ஸ்சர் (எரிபொருள் கலவை), புரொப்பல்லர் (சுழலி), திராட்டில் (விசை) நெம்புகோல்கள் மூன்றும் முன்னே. ஃபிளாப் (இறக்கை மடல்), சக்கரம் உள்ளே. ஓடும் எஞ்சின் பக்கம் 5 பாகைக்கு மிகாமல் சாய். பிறகுதான் எது செத்தது என்ற கேள்வி. பாதி விசை போனால் ஏறும் திறனில் பாதி போகும் என்று நினைப்பவர் உண்டு. போவது 80 சதவீதத்துக்கு மேல்.

இதை நிஜ விமானத்தில் 200 அடியில் செய்து காட்டினால் ஆள் சாவார்கள். அதனால் நிஜத்தில் எஞ்சினை முழுக்க நிறுத்துவது தரையிலிருந்து 3,000 அடிக்கு மேலேதான். அந்த உயரத்தில் ஓடும் எஞ்சினின் விசையும் குறைந்துவிடுவதால் மூக்கு அவ்வளவு வன்மையாகத் திரும்பாது. மூக்கை நேராக்கச் சுக்கான் மிதிக்கும் கால் பொய்யைக் கற்கிறது. சிமுலேட்டரிலும் ஓட்டை உண்டு. அசையாத வகையில் உடம்புக்குத் திருப்பம் உறைக்காது, கண் மட்டுமே சொல்லும். பயிற்றுநர் எப்போதும் இடது எஞ்சினையே நிறுத்தினால், விமானி வலது காலைத் தயாராக வைத்துக் காத்திருப்பார். பழகியதாகத் தோன்றும், பழகியிருக்காது.

இந்தத் திறமை தானாகத் தேயும். காலம்தான் இதன் உயிர்நாடி. ஆகவே என் முன்மொழிவு 'காலமுறைப் பயிற்சி'.

---

> பிறகுதான் எது செத்தது என்ற கேள்வி.

இங்கே வரைவில் ஒரு பிழை. ஐடென்டிஃபை, வெரிஃபை இரண்டுக்கும் 'கண்டறிதல்' என்று போட்டிருக்கிறது. இவை இரண்டு படிகள். நேராகப் பறக்க ஒரு கால் மிதித்திருக்கும், மற்றது சும்மா இருக்கும். 'ஓய்ந்த கால், ஓய்ந்த எஞ்சின்': இது இனங்காணல். பிறகு அந்தப் பக்கத் திராட்டிலைப் பின்னுக்கு இழுத்துப் பார்ப்பது உறுதிசெய்தல். சத்தமும் மூக்கும் மாறாவிட்டால் சரி, மாறினால் கை தவறான நெம்புகோலில் இருக்கிறது. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் 235ஆம் பயணம் இங்கேதான் சறுக்கியது. ஏடிஆர் 72-600 விமானத்தில் இரண்டாம் எஞ்சினின் புரொப்பல்லர் தானாக ஃபெதர் ஆக (அலகுகள் காற்றுக்கு ஓரமாகத் திரும்பிவிட), நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் எஞ்சினின் நெம்புகோலை கேப்டன் பின்னுக்கு இழுத்தார். 58 பேரில் 43 பேர் இறந்தனர். இரு படிக்கும் ஒரே சொல் கூடாது.

ஃபெதருக்கு 'இறகாக்கல்' எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்ப்பு, ஒன்றும் விளங்காது. துடுப்பை நீரைவிட்டு எடுக்கும்போது காற்றுக்கு ஓரமாகத் திருப்புவதிலிருந்து வந்த சொல் அது. 'ஓரந்திருப்பல்' எப்படி? செமினோலில் நிமிடச் சுற்று 950க்குக் கீழே இறங்கிவிட்டால் பூட்டு விழுந்து அலகு ஓரந்திரும்பாது. தட்டு மாதிரி காற்றைத் தடுத்துக்கொண்டே நிற்கும்.

---

> 'காலமுறைப் பயிற்சி'.

எனக்குச் சம்மதம். காலமுறை ஊதியம் என்று ஏற்கெனவே புழங்குவதால் நாக்குக்குப் புதிதில்லை. தவணையையும் தூக்கிப் போட வேண்டாம்: வாடகை விமானச் சேவைகளுக்கான அமெரிக்காவின் பகுதி 135 விதியில் சோதனையைக் கெடு மாதத்துக்கு ஒரு மாதம் முன்னரோ பின்னரோ முடித்தாலும் அந்த மாதத்திலேயே முடித்ததாகக் கணக்கு. அதற்குத் 'தவணை மாதம்' கச்சிதம். தகுதி காலாவதியானவருக்கு 'மீள்தகுதிப் பயிற்சி'.

'ஓரந்திருப்பல்' பெயராக நிற்கிறது, ஏவலாக நீளம். விமானி அறையில் ஒருவர் மற்றவருக்குக் கத்திச் சொல்ல வேண்டிய சொல் இது. 'ஓரம் திருப்பு' ஐந்தசை. 'ஓரமாக்கு' கொஞ்சம் குறைவு. கடற்கரைப் பக்கத்து நண்பர்கள், துடுப்பை அப்படித் திருப்புவதற்கு ஒற்றைச் சொல் புழக்கத்தில் இருந்தால் எழுதுங்கள்.