மறு: வேக் சர்ஃபிங் – பின்னலையா, சுவட்டலையா?

குழுவினர்க்கு வணக்கம்.

> ஜெட் படகு வேக் சர்ஃபிங்குக்கு ஏற்றதா என்றொரு கட்டுரையைத் தமிழில் எழுதுகிறேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். வேக், அதாவது படகு தண்ணீரில் விட்டுச்செல்லும் தடம், அதற்குப் 'பின்னலை' சரிவருமா?

தம்பி, 'பின்னலை' பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. "பின்னலைப் பிடித்துச் சறுக்கினான்" என்று எழுதிப் பாருங்கள், யாரோ ஒரு பெண்ணின் சடையைப் பிடித்த கதையாகிவிடும். 'விழிப்பு உலாவல்' என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு ராத்திரி ரோந்து ஞாபகம்தான் வருகிறது.

போன வாரம் கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் நின்றிருந்தேன். பைபர் படகு ஒன்று முகத்துவாரம் பார்த்துப் போனது. சத்தம் தேய்ந்த பிறகுதான் அதன் அலை கரைக்கு வந்தது; கட்டிக் கிடந்த படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. படகு போன நடுவழியில் அலையே இல்லை, வெள்ளை நுரை மட்டும் நீளமாகக் கிடந்து கரைந்தது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் இதற்கு என்ன பேர் என்றேன். "பேர் என்ன பேரு, போட்டு போன தண்ணி அடிக்குது" என்றார்.

நான் சொல்ல வருவது அந்த இரண்டையும் பற்றித்தான். கரையை அடித்தது படகின் உடம்பு தண்ணீரை விலக்கியதால் எழுந்த அலை. நடுவில் கிடந்தது படகைத் தள்ளும் விசிறி கடைந்த நுரை. சறுக்குகிறவருக்கு முதலாவது வேண்டும், இரண்டாவது ஆகாது. உங்கள் கட்டுரையின் கேள்விக்கு விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

இந்த விளையாட்டில் படகின் கயிற்றைப் பிடிப்பது கிளம்பும்போது மட்டும்தான். பலகைமேல் எழுந்து நின்றதும் கயிற்றை விட்டுவிட்டு, அமரத்துக்கு, அதாவது படகின் பின்முனைக்குப் பின்னால் இரண்டு மூன்று மீட்டரில், அலையின் தள்ளலிலேயே போக வேண்டும். வேகம் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர்வரை. அவ்வளவு கிட்டே ஆள் இருப்பதால், நம் மீன்பிடிப் படகுகளில் மாட்டியிருப்பது போல விசிறி பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் எஞ்சின் கூடவே கூடாது. ஜெட் படகில் விசிறி குழாய்க்குள் அடங்கியிருந்து, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் தாரையாகப் பீச்சும். நியூசிலாந்தில் ஆழமில்லாத ஆறுகளில் ஓட்டுவதற்காக 1950-களில் வில்லியம் ஹாமில்டன் உருவாக்கிய வடிவம் அது. வெட்டுப்படும் பயம் பெரிதும் குறைவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பீறிடும் தாரைக்கு நேர் எதிரே விழுந்தாலும் பலத்த காயம் படும், அதையும் எழுதுங்கள். கயிறு தண்ணீரில் தொங்கினால் உறிஞ்சு வாய்க்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும் என்பதையும்.

அலைதான் வில்லங்கம். அலையை எழுப்புவது எஞ்சின் அல்ல, படகின் எடை. இதற்கென்றே கட்டும் படகுகளில் ஆயிரம் கிலோவுக்கு மேல் தண்ணீரை நிரப்பி, பின்பக்கத்தை அழுத்திவைப்பார்கள். ஜெட் படகு லேசானது, தண்ணீரில் அதிகம் அமிழாது. போதாததற்கு அதன் தாரை, அலை திரள வேண்டிய இடத்திலேயே நுரையைக் கொட்டுகிறது. எடை ஏற்றி, ஆட்களை ஒரு பக்கமாக உட்காரவைத்தால் ஓரளவு அலை கிடைக்கும்; பழகுகிறவருக்குப் போதும், தேர்ந்தவர் முகம் சுளிப்பார். குறைந்த வேகத்தில் ஒரே சீராக ஓட்டுவதும் கடினம். விசையைக் குறைத்தால் திருப்பும் பிடியும் போய்விடும்.

ஆகவே ஒரு சொல் போதாது. படகு விட்டுச்செல்லும் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் 'சுவடு'. சறுக்க உதவும் அலைக்குச் 'சுவட்டலை'. விசிறியோ தாரையோ கலக்கிய வெள்ளைக்கு 'நுரைத்தடம்'. ஆட்டத்துக்குச் 'சுவட்டலைச் சறுக்கு'. அலைச்சறுக்கு ஏற்கெனவே ஊன்றிய சொல், அதன் பக்கத்தில் இது இயல்பாக உட்காரும். ஜெட் படகுக்குப் 'பீச்சுப் படகு' என்று எழுதலாமா என யோசித்தேன். புதுவைக்காரர்கள் சொல்லட்டும்.

— கடலூரிலிருந்து

—

அண்ணே, வேண்டவே வேண்டாம்! சுண்ணாம்பாற்றில் பாரடைஸ் பீச்சுக்கு ஆளேற்றிப் போகிறதே, எங்களுக்குப் பீச்சுப் படகு அதுதான். 'தாரைப்படகு' என்று வையுங்கள். சுவட்டலை பிடித்திருக்கிறது, ஆனால் சுவடு எப்படிச் 'சுவட்டு' ஆகும்? 'சுவடலை' போதாதா?

— புதுச்சேரியிலிருந்து

—

முரடு 'முரட்டுக்காளை' ஆகிற மாதிரிதான் அண்ணே. 'சுவடலை' என்றால் வாசிக்கிறவர் சுவடு அலையா, சுவடு அல்லவா என்று ஒரு கணம் நிற்பார். தாரைப்படகு சரி, ஏற்கிறேன்.

தம்பி, தலைப்பு இப்படி இருக்கட்டும்: "சுவட்டலைச் சறுக்குக்குத் தாரைப்படகு ஒத்துவருமா?" உள்ளே முதல் முறை வரும்போது மட்டும் வேக் சர்ஃபிங் என்றும் எழுதிவிடுங்கள். படகை அழுத்த ஏற்றும் எடையை 'பேலஸ்ட்' என்பார்களே, அதற்கு என்ன போட்டீர்கள்?